பலகையில் பெயர் ஏறிய பின்னர்

நம் பாடசாலை மண்டபத்தின் வலப்பக்கச் சுவரில் இருக்கும் மரப்பலகையைப் பழைய மாணவிகள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பல்கலைக்கழக அனுமதி பெற்றவர்களின் பெயர்களை ஆண்டு வாரியாக மஞ்சள் எழுத்தில் எழுதிய பலகை அது. விடுதிப் பிள்ளைகளான நாங்கள் சனிக்கிழமைகளில் அதைத் துடைத்திருக்கிறோம். காலைக் கூட்டத்தில் கால் கடுக்க நின்றபோது அந்தப் பெயர்களை மேலிருந்து கீழாக எண்ணியிருக்கிறோம். அங்கே என் பெயரும் இருக்கிறது. அதற்கு இரண்டு வரி மேலே இருக்கும் பெயருக்கு உரியவள், என்னோடு ஒரே பஸ்ஸில் புளத்கொகுபிட்டியவிலிருந்து இந்த விடுதிக்கு வந்து சேர்ந்தவள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் என்னைவிட ஏழு புள்ளி கூட எடுத்தவள். வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போன அவள், எட்டு மாதங்களில் பட்டம் பெறாமலே தோட்டத்துக்குத் திரும்பினாள். அவளுடைய பெயர் இன்றும் பலகையில் இருக்கிறது. அவள் நம்முடைய எந்த ஒன்றுகூடலுக்கும் வந்ததில்லை.

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கத்தார் எழுதியபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தப் பெயர்தான். பாடசாலை வளர்ந்த வரலாற்றை இம்மலரில் மூத்த அக்காமாரும் ஆசிரியைமாரும் எழுதுகிறார்கள். பலகையில் பெயர் ஏறிய பின் ஒரு பெண் எப்படி வளர்கிறாள், அல்லது எந்த இடத்தில் தடுமாறுகிறாள், அதைப் பற்றி உலகம் எப்போது யோசிக்கத் தொடங்கியது என்பதை எழுதலாம் என்று நான் எண்ணினேன். இதுவும் வரலாறுதான். நம் சங்கத்துக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது என்றும் நம்புகிறேன்.

பலகை வரை வந்த வழி

இலங்கையில் பெண்களுக்கான விடுதிக் கல்வி மிகப் பழையது. உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824இல் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது. மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்கள் கல்லூரி அமைத்தார். 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது.

நம் தோட்டங்களின் கதை வேறு. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் அதன் பின்வந்த 1920ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டன. பெரும்பாலான இடங்களில் ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், நாலைந்து வகுப்பு என்பதே பாடசாலையாக இருந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, அதன் பயன் தோட்டப் பாடசாலைகளைச் சென்றடையவில்லை. மூன்று ஆண்டுகளில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத வீட்டுப் பிள்ளை படித்தாலும் அரச உத்தியோகம் இல்லை என்ற நிலையில், படிப்புக்காக ஒரு பெண்ணைக் கொழுந்து மலையிலிருந்து யார் விடுவிப்பார்கள்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின், 1977 முதல் தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கலை முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. ஆகவே என் வயதினரில் பெரும்பாலோர் நம் குடும்பங்களில் உயர்தரம் வரை வந்த முதல் தலைமுறை.

கேகாலை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. பல்கலைக்கழக இடங்களில் ஒரு பங்கு திறமை அடிப்படையிலும், பெரும் பங்கு மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் உண்டு, கேகாலை இல்லை. கேகாலை நகரத்தின் பெரிய பாடசாலைகளோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிட்டுத்தான் புளத்கொகுபிட்டியத் தோட்டத்துப் பிள்ளை உள்ளே போக வேண்டும். இவ்வளவையும் தாண்டி ஒருத்தி அனுமதிக் கடிதம் பெறும்போது நாம் மாலை போடுகிறோம், உதவித்தொகை கொடுக்கிறோம், பலகையில் பெயர் எழுதுகிறோம். அத்தோடு நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம்.

மாணவர் வளர்கிறார் என்ற எண்ணம்

பல்கலைக்கழகம் பாடம் சொல்லிக் கொடுக்கும் இடம் மட்டுமல்ல, ஆளையே உருவாக்கும் இடம் என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1942 ஜூலையில் 904 மாணவர்களோடு இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். மாணவர்கள் விடுதிகளில் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து உண்டு, பேசிப் பழகி வளர வேண்டும் என்ற நோக்கோடு அவர் பேராதனையைத் திட்டமிட்டார். 1952இல் அங்கே குடிபெயர்ந்த பல்கலைக்கழகத்தில் ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தை என்று பெண்களுக்குத் தனி மண்டபங்களும் இருந்தன.

அதே காலத்தில் அமெரிக்காவில் இந்த எண்ணம் ஆராய்ச்சியாக வளர்ந்துகொண்டிருந்தது. 1937இல் அமெரிக்கக் கல்விப் பேரவை வெளியிட்ட ஓர் அறிக்கை, மாணவரின் அறிவை மட்டுமல்ல, உடல், மனம், உறவு, தொழில் என அவரை முழு மனிதராகக் கவனிப்பது கல்லூரியின் கடமை என்றது. 1950இல் எரிக் எரிக்சன், மனித வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் இளமைப் பருவத்தின் வேலை ‘நான் யார்’ என்ற கேள்விக்கு விடை தேடுவது. 1966இல் ஜேம்ஸ் மார்சியா அதை இன்னும் நுட்பமாக்கினார். தேடிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தவர்கள் ஒரு வகை. தேடாமலே பெரியவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டவர்கள் இன்னொரு வகை. இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களும், தேடவே தொடங்காதவர்களும் மற்ற இரு வகையினர். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இரண்டாவது வகை. நாலாம் வகுப்பில் கணக்கு நன்றாகச் செய்தேன் என்பதற்காகத் தோட்டமே என்னை ‘டொக்டரம்மா’ என்று கூப்பிட்டது. நான் தேடவேயில்லை.

நம் போன்ற சங்கத்துக்கு மிக நெருக்கமானவர் நெவிட் சான்ஃபோர்ட். 1950களில் அவர் ஆராய்ந்தது வாசார் கல்லூரியை. அப்போது அது பெண்கள் மட்டும் படித்த கல்லூரி. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களோடு, படித்து முடித்துப் பல ஆண்டுகளான பழைய மாணவிகளையும் அவருடைய குழுவினர் ஆராய்ந்தார்கள். பின்னர் அவர் சொன்ன கருத்து எளிமையானது. மாணவர் வளர்வதற்குச் சவாலும் வேண்டும், ஆதரவும் வேண்டும். சவால் குறைந்தால் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆதரவு இல்லாமல் சவால் மிஞ்சினால் ஒடுங்கிப்போகும் அல்லது ஓடிப்போகும். நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புத்தகம் சொல்லத் தேவையில்லை. தேயிலைத் தவறணையில் இளங்கன்றுக்கு முதலில் நிழல் கட்டுகிறார்கள். பிறகு நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்கித்தான் மலையில் நடுகிறார்கள். ஒரே நாளில் நிழலை எடுத்தால் கன்று கருகும். நிழலிலேயே வைத்திருந்தாலும் பயனில்லை.

ஆர்தர் சிக்கரிங் 1969இல் இந்த வளர்ச்சியை ஏழு திசைகளாக வகுத்தார். ஆற்றல் பெறுதல், உணர்ச்சிகளைக் கையாளுதல், தன் காலில் நிற்றல், பிறரோடு உறவு, அடையாளம், நோக்கம், நேர்மை என்று அவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹாவார்டில் மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசனை வழங்கிய வில்லியம் பெரி, ஆண்டு முடிவில் அவர்களோடு உரையாடி வந்ததைக் கொண்டு 1970இல் ஒரு நூல் எழுதினார். புதிதாக வரும் மாணவர் எந்தக் கேள்விக்கும் ஒரே சரியான விடை உண்டு, அது விரிவுரையாளரிடம் இருக்கிறது என்று நினைக்கிறார். பிறகு பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதைக் கண்டு குழம்புகிறார். கடைசியில், ஆதாரங்களை நிறுத்துப் பார்த்துத் தானே ஒரு நிலைப்பாட்டை எடுத்து அதற்குப் பொறுப்பேற்கிறார். நோயாளியின் கட்டிலருகே நிற்கும் எந்த இளம் வைத்தியருக்கும் இந்தப் பாதை தெரிந்ததுதான்.

பெண்கள் எங்கே?

ஆனால் பெரி பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஒழுக்க வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்த லோரன்ஸ் கோல்பர்க் தொடக்கத்தில் ஆராய்ந்ததும் ஆண் பிள்ளைகளை மட்டுமே. 1982இல் கரோல் கில்லிகன் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். பெண்கள் ஒரு சிக்கலை எதிர்கொள்ளும்போது, விதி என்ன என்பதைவிட யாருக்கு நோகும், யாரை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பதுண்டு. அது குறைந்த வளர்ச்சியல்ல, வேறு வழி வளர்ச்சி என்றார். 1986இல் மேரி பெலென்கியும் மேலும் மூன்று பெண் ஆய்வாளர்களும் 135 பெண்களோடு பேசி ஒரு நூல் எழுதினார்கள். அந்தப் பெண்களில் கல்லூரி மாணவிகளும் இருந்தார்கள்; கல்லூரி வாசலை மிதிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்கள் கண்ட முதல் நிலை மௌனம். தனக்கு ஒரு குரல் இருக்கிறது, தன் வார்த்தைக்கு மதிப்பிருக்கிறது என்றே நம்பாத நிலை அது. அடுத்தது பிறர் சொல்வதைக் கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளும் நிலை. அங்கிருந்து தன் உள்ளுணர்வை நம்புவதற்கும், பிறகு முறையாக ஆராய்வதற்கும், இறுதியில் தானே அறிவை ஆக்குவதற்கும் ஒரு பெண் நகர்கிறாள்.

இந்த மௌனத்தை நான் அறிவேன். ஆங்கிலத்தில் நடந்த விரிவுரைகளில் முதலாம் ஆண்டு முழுவதும் நான் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. விளங்காததால் மட்டுமல்ல, கேட்க எனக்கு உரிமை உண்டென்று தோன்றாததாலும்தான்.

சிக்கரிங்கும் தன்னைத் திருத்திக்கொண்டார். 1993இல் லிண்டா ரைசருடன் சேர்ந்து நூலைப் புதுப்பித்தபோது, ‘தன் காலில் நிற்றல்’ என்பதைத் ‘தன் காலில் நின்று, பின் ஒருவரையொருவர் தாங்கி நிற்றல்’ என்ற பொருள்பட விரித்தார். உறவுகள் அடையாளத்துக்குப் பின்னால் வருபவை என்று முன்பு சொன்னவர், உறவுகளின் ஊடாகவே அடையாளம் உருவாகிறது என்று வரிசையை மாற்றினார். பெண்களைப் பற்றிய ஆய்வுகளும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். தன் கோட்பாட்டைப் பெண்களின் வாழ்க்கையைப் பார்த்துத் திருத்திய அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

சடங்கும் பல்கலைக்கழகமும்

இனி, என் தோழியின் கதைக்கு மிக அருகில் வரும் ஆய்வு. மாணவர்கள் ஏன் இடையில் விலகுகிறார்கள் என்று 1975இல் வின்சென்ட் டின்டோ விளக்கினார். ஒரு பருவத்திலிருந்து மறு பருவத்துக்கு மனிதரைக் கடத்தும் சடங்குகளைப் பற்றி ஆர்னல்ட் வான் கெனப் 1909இல் எழுதிய நூலை அவர் பின்னர் தன் விளக்கத்துக்குத் துணையாகக் கொண்டார். பழைய சமூகத்திலிருந்து பிரிதல், இடைநிலையில் நிற்றல், புதிய சமூகத்தில் சேர்தல் என்று மூன்று கட்டம். சேர முடியாதவர் விலகிப் போகிறார்.

1992இல் வில்லியம் டியர்னி இதை மறுத்தார். சடங்கு என்பது ஒருவரை அவருடைய சொந்தச் சமூகத்துக்குள்ளேயே ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கொண்டுபோவது. அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளை ஒன்று வெள்ளையர் கல்லூரிக்குப் போவது அப்படியல்ல; ஒரு சமூகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது. உன் வீட்டை விட்டு வந்தால்தான் தேறுவாய் என்று சொல்வது அந்தப் பிள்ளையைத் தன் ஆட்களைத் துறக்கச் சொல்வதாகும் என்றார் அவர்.

நாம் பெரிய மனுஷியானபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் நீராட்டிய ஒவ்வொரு பெண்ணும் அந்தத் தண்ணீரைத் தானும் வாங்கியவள். அடுத்து என்ன நடக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், தாய்மாமனுக்குத் தன் சீர் என்னவென்று தெரியும். பயந்தாலும் நாம் தனியாகப் பயப்படவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகும் நாளிலோ நம் லயத்தில் அந்த வழி நடந்த ஒருவரும் இல்லை. அம்மா பையில் மாவும் சீனியும் கட்டித் தருவாள். அங்கே என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அவளால் சொல்லித் தர முடியாது.

அந்தப் பிரிவும் முழுப் பிரிவல்ல. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் மண் சரிந்து உயிர்கள் போன நாட்களை நாம் மறக்கவில்லை. சரிவில் இருக்கும் லயத்தை விட்டு வந்த ஒரு மாணவி, மழை இருட்டும்போதெல்லாம் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பாள். அதை வீட்டு நினைவில் ஏங்கும் பலவீனம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

நான் நுழைந்த பீடத்தில் பகிடிவதை இருந்தது. 1997இல் பேராதனையில் மாணவர் ஒருவர் பகிடிவதையால் இறந்து, மறு ஆண்டே அதைத் தடுக்கும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்திருந்தபோதும் இருந்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். பிறகு பல வாரங்களுக்கு என்னைக் கொழுந்து பறித்துக் காட்டச் சொன்னார்கள். என் அம்மா செய்த வேலையைச் சிரிப்புக்காக நடித்துக் காட்டிய அந்த வாரங்களில் நான் பையைக் கட்டிவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்காம் ஆண்டு அக்கா ஒருவர் என் விடுதி அறையைத் தேடி வந்தார். நம் பாடசாலையின் பழைய மாணவி. அதற்கு முன் நான் அவரைக் கண்டதில்லை. நம் பாடசாலையிலிருந்து யாரோ வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன் என்றார். கையில் புட்டும் சம்பலும் பார்சல். “தங்கச்சி, முதல் தவணை எனக்கும் இப்படித்தான் இருந்திச்சு. பையை அவிழ்த்து வை. சோதனைய மட்டும் விட்டுறாத” என்றார். தன் பழைய குறிப்புப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். அவ்வளவுதான் நடந்தது.

ஒருவர் தன்னை யாரோ கவனிக்கிறார்கள், தான் இல்லாவிட்டால் யாருக்கோ தெரியும் என்று உணர்வது எவ்வளவு பெரிய பலம் என்பதை நான்சி ஷ்லோஸ்பர்க் 1989இல் எழுதினார். புதிய இடத்துக்குள் நுழையும் எவருமே ஓரத்தில் நிற்பதாக உணர்கிறார். அவர் ஒரு பொருட்டு என்று காட்டினால் ஓரத்திலிருந்து உள்ளே வருகிறார். மார்சியா பாக்ஸ்டர் மகோல்டா 1986இல் ஒஹாயோ மாநிலத்து மயாமிப் பல்கலைக்கழகத்தில் 101 மாணவர்களைச் சந்தித்துப் பேசத் தொடங்கினார். அவர்களில் பலரைப் பட்டத்துக்குப் பின்னும் ஆண்டுக் கணக்காகச் சந்தித்தார். தன் வாழ்க்கையைத் தானே எழுதும் ஆற்றல் பலருக்குப் பல்கலைக்கழகத்தில் வரவில்லை, இருபதுகளின் நடுவிலோ அதற்குப் பின்போதான் வந்தது என்று கண்டார். எனக்கும் அப்படித்தான். உள்ளகப் பயிற்சியின்போது ஒரு நாள் இரவு, தோட்டத்துத் தாய் ஒருத்தி என்னிடம் மட்டும் தமிழில் தன் வலியைச் சொன்னாள். நான் ஏன் வைத்தியரானேன் என்பதற்கு என்னுடைய சொந்தப் பதில் அன்றுதான் கிடைத்தது. தோட்டம் எனக்காகத் தேர்ந்ததை அன்றுதான் நான் தேர்ந்தெடுத்தேன்.

என் தோழி போன பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டு நம் பாடசாலையின் மூத்த மாணவி யாரும் இருக்கவில்லை. அவளுக்கும் எனக்கும் இருந்த வேறுபாடு இதுதான். கெட்டித்தனமல்ல, மனவுறுதியும் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒருவர் வந்தார், அவளுக்கு வரவில்லை. அவள் திரும்பி வந்தபோது நானும் போய்ப் பார்க்கவில்லை. பரீட்சை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் பெண்கள் இன்று பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகம் முதல் யாழ்ப்பாணம், கிழக்கு வரை எங்கும் போகிறார்கள். பழைய மாணவிகளாகிய நாமும் எங்கும் இருக்கிறோம். மகாபொல உண்டு, நம் உதவித்தொகையும் உண்டு. அவை நிற்கக் கூடாது. அவற்றோடு மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, அனுமதிக் கடிதம் வந்த உடனேயே, அந்தப் பல்கலைக்கழகத்தில் அல்லது அந்த நகரத்தில் இருக்கும் ஒரு பழைய மாணவியின் பெயரை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, அவர் முதல் மாதத்தில் ஒருமுறை, முதல் பரீட்சைக்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அறிவுரை சொல்லத் தேவையில்லை, போனால் போதும். அவளை வீட்டிலிருந்து பிரிக்கப் போகிறோம் என்று பெற்றார் அஞ்சாதபடி அவர்களோடும் இரண்டு வார்த்தை பேச வேண்டும். மூன்றாவது, இடையில் நின்று திரும்பியவர்களும் நம் பழைய மாணவிகள்தான் என்று கொள்ள வேண்டும். வேறு பாடநெறிக்கோ தொழிலுக்கோ அவர்கள் போக விரும்பினால் அதற்கும் உதவ வேண்டும்.

நூற்றாண்டு விழாவுக்கான அழைப்பிதழ்களை இம்முறை தபாலில் அனுப்பப் போவதாகச் செயலாளர் சொன்னார். ஓர் அழைப்பிதழை மட்டும் என்னிடம் தரும்படி கேட்டிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நானே புளத்கொகுபிட்டியவுக்குப் போகிறேன். இருபது வருடத்துக்கும் மேல் பிந்திவிட்டது. அவள் விழாவுக்கு வருவாளோ தெரியாது. அது அவள் விருப்பம். நான் போக வேண்டியது என் கடன்.